இறங்க இடமில்லாத பாலம்

எங்கள் ஊர்ப் பாலத்தை யாராவது அழகு என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனை பார்க்க வருகிற சென்னைக்காரர்கள் காரை நடுப்பாலத்தில் நிறுத்திவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆரணியாறு அங்கே நல்ல அகலம், பாலமும் அதற்கேற்ற நீளம். ஒருமுறை ஒரு அம்மாள் என்னை நிறுத்தி, இப்படி ஒரு பாலம் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள். நான் புல்லுக்கட்டை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன். வாயைத் திறந்திருந்தால் அவளுக்குத்தான் அசிங்கம்.

நான் மீஞ்சூர்க்காரி. ரயில் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். பன்னிரண்டாவது முடித்திருந்தேன். இந்த ஊரிலிருந்து மாப்பிள்ளை வந்தபோது என் அம்மாவுக்கு இஷ்டமில்லை. ஆற்றின் தெற்குக் கரையில் கடைசி ஊர், அதற்கு மேல் ரோடு கிடையாது. பொன்னேரியிலிருந்து காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். கல்கத்தா நெடுஞ்சாலையும் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளும் வடகரைப் பக்கம். குறுக்கே போக ஒரு தரைப்பாலம் இருந்தது. ஆறு காய்ந்து கிடக்கும்வரை அது பாலம். ஐப்பசியில் மேலே பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டால் அதுவும் ஆறுதான்.

பெண் பார்க்க வந்த அன்று என் மாமனார் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "பாலம் வருதுமா. அளந்துட்டுப் போய்ட்டாங்க. நாளைக்கே உம் பொண்ணு ஊட்டு வாசல்ல ஏறுனா கும்மிடிப்பூண்டியில எறங்கலாம்." அம்மா மனசு மாறியது அந்தப் பேச்சில்தான். பாலத்தைக் காட்டித்தான் என்னைக் கட்டிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளைக்கு கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற மில்லில் கான்ட்ராக்ட் வேலை. மாமியார் காலமாகியிருந்தார். வீட்டில் மாமனார், அவருடைய மகன், நான். கொஞ்ச நாளில் ஒரு பெண் குழந்தை.

மாமனாருக்கு ஆற்றங்கரையில் சவுக்குத் தோப்பு இருந்தது. அதைவிட முக்கியமாக அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. ஆடி மாசம் அம்மனுக்குக் கரகம் ஜோடிக்க இரண்டு கரை ஆட்களும் ஆற்றுக்கு வருவார்கள். அப்போது முதல் பரிவட்டம் எங்கள் வீட்டு ஆணுக்குத்தான் கட்ட வேண்டும். தலையில் அந்தத் துண்டு ஏறிய பிறகுதான் ஆற்றில் யாரும் கால் வைப்பார்கள். வடகரைத் தலைவருக்கு இரண்டாவது. அவர் அக்கரைப் பஞ்சாயத்தில் பெரிய ஆள், லாரி வைத்திருந்தார், செங்கல் சூளை வைத்திருந்தார். ஆனாலும் ஆற்றில் இவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். வருஷத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் என் மாமனார் மிச்ச நாளெல்லாம் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

எனக்குக் கல்யாணமாகி சில மாதத்தில் பாலத்துக்குப் பூசை போட்டார்கள். ரெண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். காண்ட்ராக்டரின் இஞ்சினியர் நெல்லூர்ப் பக்கத்து ஆள். இந்த ஊர் வழக்கம் அவருக்கு என்ன தெரியும்? மிஷினெல்லாம் வடகரையில் இறங்கியிருந்ததால் பூசையையும் அங்கேயே வைத்துவிட்டார். இங்கே பெரிய மனுஷர் யார் என்று டீக்கடையில் கேட்டிருக்கிறார். டீக்கடை வடகரையில் இருந்தது. பிறகு எந்தப் பக்கம் கை காட்டுவார்கள்?

மாமனாரின் வெள்ளைச் சட்டைக்கு அன்று கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தவள் நான்தான். வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு தெற்குக் கரையில் நின்றார். ஆள் வந்து கூப்பிடும் என்று நின்றார். ஆறு காய்ந்து கிடந்தது, நடந்தால் ஐந்து நிமிஷம். கூப்பிடாமல் போக மாட்டார். எதிர்க்கரையில் மேளம் கேட்டது, வடகரைத் தலைவர் தலையில் துண்டு கட்டுவது தெரிந்தது, கடப்பாரையால் முதல் குத்து குத்துவதும் தெரிந்தது. கைதட்டி முடித்துச் சாப்பிடப் போனார்கள். அதற்கப்புறம் ஒரு வேலையாள் மணலில் நடந்து வந்து, உடைத்த தேங்காயில் ஒரு மூடியும் ரெண்டு லட்டும் கொடுத்துவிட்டுப் போனான். மிச்சத்தை அனுப்பியிருந்தார்கள். அவர் அதை வாங்கி மாட்டுக்குப் போட்டார். சட்டையைக் கழற்றாமலே கட்டிலில் படுத்துக்கொண்டார். அன்று எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதுவே முதலும் கடைசியும்.

பாலம் வளர்ந்தது. தூண் தூணாக எழும்பி, மேலே தளம் போட்டு, எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது, அதிலிருந்து ஊருக்குள் இறங்குகிற ரோட்டுக்கு மாமனாரின் சவுக்குத் தோப்பில் ஒரு துண்டு நிலம் தேவைப்பட்டது. அவர் கோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கிவிட்டார். நஷ்ட ஈடு கூட்டித் தருகிறோம் என்று வந்தார்கள். அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஆபீசில் கேட்டால் நிலம் என்பார், வக்கீலிடம் பாட்டன் சொத்து என்பார். வீட்டில் சாப்பிடும்போது மட்டும் உண்மை வெளியே வரும். "அவன் குத்துன கடப்பாரைக்கு எந் நெலம் எதுக்கு?" என்பார். ஆறு முழுக்கத் தாண்டி வந்த பாலம் கடைசியில் ஒரு கிழவனின் தலைக்கட்டுக்காக நின்றுவிட்டது.

வடகரையில் ரோடு சேர்ந்தது. எங்கள் பக்கம் பாலம் இரண்டு ஆள் உயரத்தில் அந்தரத்தில் வந்து முடிந்தது. பார்க்கவே வயிறு எரியும். அக்கரைக்காரர்கள் அதில் மிளகாய் காயப் போட்டார்கள், நெல் தூற்றினார்கள். சாயங்காலம் காற்று வாங்க நடந்து வந்து, எங்கள் பக்கத்து விளிம்பில் நின்று கீழே இருக்கும் எங்களை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மிருகக்காட்சிச் சாலையில் நிற்கிற மாதிரி நிற்பார்கள். நான் பாத்திரம் விளக்குவது அங்கிருந்து தெரியும். முதுகைக் காட்டிக்கொண்டு விளக்குவேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. கும்மிடிப்பூண்டியில் காருக்கு வயர் கட்டுகிற கம்பெனி. ஒரு பெரிய பலகையில் ஆணி அடித்திருப்பார்கள். கலர் கலராக வயரை அந்த வழியில் ஓட்டி, டேப் சுற்றி, முனையில் சாக்கெட் மாட்டி அடுத்தவளுக்குத் தள்ள வேண்டும். நான் வேகமாகக் கட்டுவேன். ஒரு வருஷம் ட்ரெயினி. லீவு போடாமல் வருஷம் முடித்தால் பர்மனென்ட். நடுவில் சேர்ந்தாற்போல் ஆள் வராவிட்டால் கம்பெனிக் கார்டைப் பிடுங்கிக்கொள்வார்கள், வாசலில் வேலை கேட்டு நிற்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை.

எனக்கு அந்தப் பர்மனென்ட் எதற்கு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் அந்த வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். என் வீட்டுக்காரர் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார், வாயில் எப்போதும் கொழுக்கட்டை. ஆனால் ஒரு நாள் அவரே சொன்னார், உனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டால் கவரப்பேட்டை ஸ்டேஷன் பக்கம் வாடகைக்குப் போய்விடலாம், குழந்தையை அங்கேயே ஸ்கூலில் சேர்க்கலாம் என்று. அதற்கப்புறம் நான் வயர் கட்டினேனா அந்த வீட்டைக் கட்டினேனா என்று எனக்கே தெரியாது. திரைச்சீலை கலர்கூட மனசில் முடிவாகியிருந்தது.

கம்பெனி பஸ் விடியற்காலையில் வடகரையில் வந்து நிற்கும். எங்கள் ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் போவோம். காலனி ஆட்கள்தான் அதிகம். கோடையில் மணலில் நடந்து போனோம். மழைக்காலத்துக்கு முன்னாலேயே காலனி ஆண்கள் ஒரு ஏணி கட்டிப் பாலத்து விளிம்பில் சாய்த்துவிட்டார்கள். கனமான சவுக்குக் கம்பு, குறுக்கே கம்பி சுற்றிய படி. பெண்கள் ஏறும்போது ஆண்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்களும் உண்டு. மாமனார் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கம்பு நம்ம தோப்புக் கம்பு என்று கண்டுபிடித்தார். ஏணி நின்றதும் அவர் நிலத்தில்தான். மறுநாள் ஏணியைக் காணோம். அவர்கள் இன்னொன்று கட்டினார்கள். அதுவும் போனது. மூன்றாவதை அவர் விட்டுவைத்தார். வயசாகிறது, சலித்துவிட்டது என்று நினைத்தேன். நான் அவருக்கு நாஷ்டாவும் மத்தியானச் சோறும் எடுத்து வைத்துவிட்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் சொல்லிவிட்டு, அவருக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி, அந்த ஏணியில் ஏறித்தான் வேலைக்குப் போனேன்.

அந்த வருஷம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. அணையைத் திறந்துவிட்டார்கள் என்று தண்டோரா போட்டார்கள். ராத்திரியோடு தரைப்பாலம் முழுகிவிட்டது. எனக்குப் பயமில்லை, ஏணி இருக்கிறதே. எனக்கு வருஷம் முடிய அப்போது ஒரு மாதத்துக்கும் குறைவு.

கெடுத்தது வடகரைத் தலைவர். கெடுக்க வேண்டும் என்று செய்தாரா, நல்லது என்று செய்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மழையில் பெண்கள் வழுக்குகிற ஏணியில் ஏறுவதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் குடை பிடித்துக்கொண்டு, நான்கு ஆட்களோடு பாலத்தின் மேலேயே நடந்து எங்கள் விளிம்புக்கு வந்தார். கீழே தோப்பில் மாமனார் மாட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார். தலைவர் மேலிருந்து குனிந்து கூப்பிட்டார். "பெரியவரே, ரோடுதான் வுடல. ஏணியாச்சும் நல்லதா ஒண்ணு வெச்சுக்க வுடு. நாங்க இரும்புல செஞ்சு தர்றோம்." குரலில் கேலி இல்லை. ஆனால் மேலே நின்றுகொண்டு கீழே இருக்கிறவருக்குச் சொன்னார். அதுவும் அந்தப் பாலத்தின் மேல். அதுவும் நீ வா போ என்று. மாமனார் நிமிர்ந்து பார்க்கவில்லை. தழையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ரம்பத்தைத் தேடினார்.

விடியற்காலை நான் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, தலைக்குப் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு போனபோது, ஏணி அறுத்து விறகாக அடுக்கியிருந்தது. பாலத்தடியைச் சுற்றி வேலிகாத்தான் முள்ளை ஆள் உயரத்துக்குப் போட்டிருந்தார். நடுவில் வீட்டு நாற்காலியைப் போட்டு, குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலனி ஆட்கள் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். கால் வைத்தால் கேஸ், கோர்ட்டு ஆர்டர் இருக்கிறது என்று அவர் திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கத்திக் களைத்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். உன் மாமனார்தானே, நீயே கேளும்மா என்றார்கள்.

எனக்கு அவரிடம் நேராகப் பேசிப் பழக்கமில்லை. குழந்தையை வைத்துத்தான் பேசுவேன், தாத்தாவைச் சாப்பிடச் சொல்லு என்கிற மாதிரி. அன்று முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"மாமா, வழி வுடுங்க. இன்னும் கொஞ்ச நாள்தான். இப்போ லீவு ஆச்சுன்னா எனக்கு வேல போயிடும்."

"போவட்டும்."

"நான் மட்டுமாச்சும் ஏறிக்கிறேன். உங்க ஊட்டுப் பொண்ணுதானே."

அவர் குடையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "எவனோ தலையில துண்டு கட்டிக்கினு ஆரம்பிச்ச பாலத்துல எம் மருமவ ஏறிப் போனான்னு அந்தாண்ட சிரிப்பானுங்க. ஊட்டுக்குப் போ. கொழந்த எழுந்திருக்கும்."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மாட்டைத் தொழுவத்துக்கு ஓட்டுகிற குரலில் சொன்னார். எதிர்ப்பக்கம் பஸ் வந்து நின்றது, மழையில் அதன் மஞ்சள் விளக்கு தெரிந்தது. டிரைவர் கொஞ்ச நேரம் ஹார்ன் அடித்துப் பார்த்தார். எங்களை எதிர்பார்த்துத்தான் நின்றார். பிறகு விளக்கு திரும்பிப் போய்விட்டது. நான் அங்கேயே நின்றேன். என் வாழ்க்கையில் ஒரு மனிதனை அவ்வளவு வெறுத்தது கிடையாது. அந்த நாற்காலியோடு சேர்த்து ஆற்றில் தள்ளிவிட எனக்குக் கை பரபரத்தது, இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

பொன்னேரியைச் சுற்றிப் போகலாம் என்று டிராக்டரில் ஏறினோம். போய்ச் சேர்ந்தபோது ஷிஃப்ட் தொடங்கி வெகு நேரம் ஆகியிருந்தது, கேட்டை மூடிவிட்டார்கள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் பொன்னேரிப் பக்கமும் ரோட்டில் தண்ணீர். ஆண்கள் சிலர் தெரிந்தவர்கள் வீட்டில் கும்மிடிப்பூண்டியிலேயே தங்கிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரரும் மழை பிடித்ததிலிருந்தே மில்லுக்குப் பக்கத்தில் நாலு பேரோடு ஒரு ரூமில் இருந்தார். பால்குடி மறந்து அதிக நாள் ஆகாத குழந்தையை விட்டுவிட்டு நான் எங்கே போய்த் தங்குவது? எங்கள் ஊர்ப் பெட்டிக்கடை போனிலிருந்து அவருக்குக் கூப்பிட்டு, உங்கப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். கொஞ்சம் பொறுத்துக்கோ, அவரு பேஜாரு புடிச்ச ஆளு, உனக்குத் தெரியாதா என்றார். எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்டேன்.

தண்ணீர் வடிந்து, மணல் தெரிந்து, நான் கம்பெனி வாசலுக்குப் போனபோது என் பலகையில் வேறு ஒரு பெண் நின்றாள். எங்கள் லைன் சூப்பர்வைசர் அம்மாள் வெளியே வந்தார். எனக்காகப் பேசிப் பார்த்தாராம், மேலே ஒத்துக்கொள்ளவில்லையாம். வெள்ளம் என்றால் எல்லாருக்கும் வெள்ளம்தானே, மற்றவர்கள் வரவில்லையா என்று கேட்டார்களாம். உங்கள் ஊரில்தான் பாலம் கட்டியாயிற்றே என்றும் கேட்டார்களாம். வாசல் செக்யூரிட்டி என் கார்டை வாங்கி வைத்துக்கொண்டார். கார்டு இல்லாததால் கம்பெனி பஸ்ஸில் ஏற்றவில்லை, ஷேர் ஆட்டோ பிடித்து ஊர் வந்தேன். மாமனாரிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை நான் வீட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு, நல்லதாப் போச்சு, மாட்டைப் பார்க்க ஆள் ஆச்சு என்றார். கவரப்பேட்டை வீட்டைப் பற்றி என் வீட்டுக்காரர் அதன் பிறகு பேசவில்லை.

அதிலிருந்து நான் அவருக்குச் சோறு போடும்போது தட்டை மெதுவாக வைத்ததில்லை. பேச்சை நிறுத்திவிட்டேன், குழந்தை வழியாகக்கூட. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஊரில் என்னையும் சேர்த்துத்தான் திட்டினார்கள். தண்ணீர்க் குழாயில் நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்வார்கள். காலனியில் இன்னொரு பெண்ணுக்கும் அந்த மழையில் வேலை போயிருந்தது. அவள் என் முகத்துக்கு நேராகவே காறித் துப்பினாள். எங்கள் வீட்டு வாசலைப் பார்த்துத் துப்பினாள் என்று வைத்துக்கொண்டு, நானும் மனசுக்குள் அவளோடு சேர்ந்து துப்பினேன்.

வெயில் காலத்தில் பழைய இஞ்சினியரை மாற்றிவிட்டுப் புதியவரைப் போட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். வந்ததும் ஆபீசுக்குப் போகாமல் எங்கள் கரையில் வந்து உட்கார்ந்து, இவனிடம் ஒரு பேச்சு அவனிடம் ஒரு பேச்சு என்று விசாரித்தார். ஒரு நல்ல நாள் பார்த்து, தாம்பாளத்தில் வேட்டி, துண்டு, பழம், மாலையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். கூடவே ஒரு நாதஸ்வரம், ஒரு தவில். "அந்தப் பக்கம் நடந்தது எங்க தப்புங்க. அது பாதிப் பாலத்துக்குத்தான் பூசை. இந்தப் பாதிக்கு நீங்கதான் ஆரம்பிச்சுக் குடுக்கணும்" என்றார். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே தவில் முழங்கியது. எட்டிப் பார்த்தேன். தலையில் துண்டைக் கட்டும்போது மாமனார் குழந்தை மாதிரி குனிந்து நின்றார், கண்ணில் தண்ணீர். அந்த வாரமே கேஸை வாபஸ் வாங்கிவிட்டார். சவுக்கை அவரே ஆள் வைத்து வெட்டிக் கொடுத்தார்.

ஒரு துண்டு. பொன்னேரிக் கடைத்தெருவில் கொடியில் தொங்குமே, அந்தத் துண்டு. அதற்காக என் வேலை போனது, என் வீடு போனது. நான் அன்று போட்ட டீயில் சர்க்கரையே போடவில்லை. யாரும் கவனிக்காமல் குடித்தார்கள்.

ரோடு போட்டு முடித்துத் திறப்பு விழா வைத்தார்கள். பந்தல், வாழைமரம், குழாய் ஸ்பீக்கர். பெரிய அதிகாரிகள் வந்தார்கள். வடகரைத் தலைவரும் வந்து, ஒழுங்காக இரண்டாவது மாலையை வாங்கிக்கொண்டார். முதல் வண்டியாகக் கம்பெனி பஸ்ஸையே விடலாம் என்று ஏற்பாடு. மத்தியான ஷிஃப்டுக்குப் போகிற பஸ். பொன்னேரி சுற்றி எங்கள் பக்கம் கொண்டுவந்து நிறுத்தி, காகிதப் பூ கட்டியிருந்தார்கள். ஜன்னலில் என் லைன் பெண்கள். சிலர் கையசைத்தார்கள், சிலர் பார்க்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு ஆரத்தித் தட்டைக் கையில் கொடுத்து முன்னால் நிறுத்தியிருந்தார்கள். வீட்டு மருமகள் அல்லவா. வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். ஊர் கூடுகிற இடத்தில் அப்பா மானம் போய்விடும் என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நின்றேன்.

மாமனார் தலையில் துண்டோடு பூசணிக்காயை உடைத்தார். கைதட்டினார்கள். யாரோ அவரிடம் மைக்கைக் கொடுத்து, ஊருக்காக நிலம் கொடுத்த பெரியவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். அவருக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசினார்.

"எனக்கு இன்னாங்க நெலம். எம் மருமவ தெனம் ஏணி ஏறி வேலைக்குப் போனா. மழையில அது கஷ்டப்பட்டதப் பாத்துக்கினு என்னால குந்தியிருக்க முடியல. பொண்ணுங்க படிக்கணும், வேலைக்குப் போவணும். அதுக்காவத்தான் குடுத்தேன்."

அதிகாரிகள் தலையாட்டினார்கள். ஊர் கைதட்டியது. அதுதான் எனக்கு மறக்கவில்லை. முள்ளைச் சுற்றி நின்று கத்தியவர்களும் கைதட்டினார்கள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, கையை நீட்டி, பஸ்ஸைக் காட்டினார்.

"ஏறும்மா. மொதல் வண்டியில நீதான் போவணும். மாமன் சொல்றேன், ஏறு."

போட்டோ எடுக்கிறவர் கேமராவை என் பக்கம் திருப்பினார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். என் முகத்துக்கு நேராகத் துப்பிய அந்தக் காலனிப் பெண் பக்கத்தில் நின்றிருந்தாள். ஆரத்தித் தட்டை அவள் கையில் கொடுத்தேன். மாமனார் சொல்லை நான் தட்டியதே இல்லை, அன்றும் தட்டவில்லை. ஏறினேன்.

கதவடியில் டிரைவர் குனிந்து மெதுவாகக் கேட்டார், கார்டு இருக்காம்மா என்று. இல்லையண்ணே என்றேன். கார்டு இல்லாமல் ஏற்றினால் என் வேலை போய்விடும், ஆனாலும் இத்தனை பேர் பார்க்கிறார்கள், அக்கரை வரைக்கும் மட்டும் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். சரி என்றேன். உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாலத்தின் மேல் பஸ் போனது. முதன்முதலாக வழுக்காமல், முள் குத்தாமல் ஆற்றைத் தாண்டினேன். ஜன்னலோரம் இருந்த ஒருத்தி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். வடகரை முனையில் பஸ் நின்றது. இறங்கினேன். பஸ் கும்மிடிப்பூண்டிக்குப் போய்விட்டது.

திரும்பி நடந்தேன். நல்ல வெயில், புதுத் தார், செருப்பு ஒட்டியது. ஓரமாக நடக்கவில்லை, நட்டநடுவில் நடந்தேன். எதிரே அதிகாரிகளின் கார்கள் அக்கரைக்குப் போக வரிசையாக நின்றன. என்னைத் தாண்டித்தான் வர வேண்டும், ஒருவரும் வரவில்லை. மேளம் நின்றுவிட்டது. பந்தலில் இலை போட்டிருந்தார்கள், யாரும் உட்காரவில்லை. அவ்வளவு நீளப் பாலத்தை ஒருத்தி நடந்து முடிக்க எவ்வளவு நேரமாகும்? அவ்வளவு நேரமும் ஊர் நின்று பார்த்தது. மாலையும் தலைக்கட்டுமாக மாமனார் வெயிலில் நின்று பார்த்தார். கிட்ட வர வர அவர் முகம் வியர்த்திருப்பது தெரிந்தது. நான் அவசரப்படவில்லை.

அவருக்கு முன்னால் போய் நின்றேன். மைக் இன்னும் அவர் கையிலேயே இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"இன்னாம்மா, திரும்பி வந்துட்ட?" என்றார்.

"கார்டு இல்லாதவங்கள பஸ்ஸுல ஏத்த மாட்டாங்களாம் மாமா," என்றேன். "எறக்கி வுட்டுட்டாங்க."

குழாய் ஸ்பீக்கர் அதை அப்படியே இரண்டு கரைக்கும் சொன்னது.